கச்சிமுகம்மதுக்குத் தமிழ் தெரியாது

கொன்ஸ்டபிள் கச்சிமுகம்மது தமிழ்ப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தொரு புள்ளி எடுத்துச் சித்தியடையாமல் போனார். கடிதம் கொழும்பிலிருந்து சிங்களத்தில் வந்தது. மேற்படி உத்தியோகத்தர் தமிழ் மொழியில் போதிய அறிவு உடையவர் அல்லர் என்பது அதன் சாரம். தமிழில் எந்தத் துண்டுக் காகிதம் வந்தாலும் "கச்சி, இதைக் கொஞ்சம் பார்" என்று அவரிடம் நீட்டுகிற நிலையத்து ஆட்கள், இந்தக் கடிதத்தை மட்டும் தாங்களாகவே வாசித்து, மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

கல்முனைக்குத் தெற்கே கடற்கரையோரம் இருந்த அந்தப் பொலிஸ் நிலையத்தின் பெயர் நமக்கு வேண்டாம். பெயரைச் சொன்னால் யாராவது விளக்கம் கேட்டு எழுதுவார்கள், பிறகு அதையும் யாராவது மொழிபெயர்க்க வேண்டிவரும். அங்கே முறைப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த முக்காலிதான் கச்சிமுகம்மதுவின் உத்தியோகம். வருகிற சனம் தமிழில் அழும், அவர் அதைச் சிங்களத்தில் சொல்வார். சார்ஜன்ட் சிங்களத்தில் ஏசுவார், இவர் அதைத் தமிழில் கொஞ்சம் கழுவித் துடைத்துச் சொல்வார். பொலிஸ்காரருக்கான சிங்கள மரியாதைச் சொல்லால் சனம் அவரை ராளாமி என்று கூப்பிட்டது. நிலையத்துக்குள் "கூப்பிடு கச்சியை" என்பதே அவர் பெயர்.

தமிழ் ஆளுக்கு எதற்குத் தமிழ்ப் பரீட்சை என்று கேட்டால், அதற்குக் காரணம் அவருடைய வாப்பா. வாப்பா அம்பாறைச் சந்தையில் மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்றவர். கூடப் போய் நின்ற மகனுக்குச் சிங்களம் தண்ணிபட்ட பாடு. எண்பத்தாறில் பொலிஸில் சேரும்போது படிவத்தைச் சிங்களத்தில் நிரப்பிக் கொடுத்தார். அதைப் பார்த்த லிகிதர் மொழி என்ற இடத்தில் சிங்களம் என்று போட்டுவிட்டார். ஆகவே அரசாங்கத்தின் கணக்கில் கச்சிமுகம்மது சிங்களம் பேசுகிறவர், தமிழைப் படித்துத்தான் பாஸ் பண்ண வேண்டும். திருத்தச் சொல்லி ஏழு தடவை எழுதினார். ஏழு தடவையும் கடிதம் கிடைத்ததாகப் பதில் வந்தது.

அந்தப் பரீட்சையை அவர் சும்மா எழுதவில்லை. வயது நாற்பத்தொன்பது. சார்ஜன்ட் பதவி உயர்வுக்கு ஐம்பது வரைக்கும்தான் கூப்பிடுவார்கள், அடுத்த ஜூன் நேர்முகம்தான் கடைசி. புள்ளி மூன்று வகையாகக் கொடுப்பார்கள்: சேவைக்காலம், செயற்றிறன், மொழி. செயற்றிறன் என்றால் கைது, பிடியாணை, கசிப்புச் சாராயம், கஞ்சா, ஹெல்மெட் இல்லாத மோட்டார் சைக்கிள். முக்காலியில் இருந்தபடி இதில் எதைப் பிடிப்பது? அவருடைய படிவத்தில் அந்தக் கட்டங்களில் எல்லாம் ஒரு கோடுதான் இருக்கும். மொழிப் புள்ளி ஒன்றைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்.

கடல் வந்த அந்த டிசம்பரிலும் கோடுதான். பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த மையத்துகளுக்குப் பெயர் எழுதினார். மூன்று நாள், இரண்டு மொழியிலும் எழுத அவர் ஒருவர்தான் இருந்தார். தகப்பன் பெயர், தெருப் பெயர், ஆள் யாரென்று தெரியாவிட்டால் சட்டையின் நிறம். நாலாம் நாள் தன்னுடைய சாச்சியின் பெயரையும் எழுதிவிட்டுப் போய் வாந்தியெடுத்தார். ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. டிசம்பர் மாதத்தில் கைதுகள் எதுவும் பதியப்படாமைக்கு விளக்கம் தருக என்று கேட்டிருந்தார்கள். அவர் கெட்ட வார்த்தையில் ஒரு விளக்கம் எழுதி, கிழித்து, பிறகு நல்ல வார்த்தையில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டுக் காசில் ஊழியர் விருத்திச் செயலமர்வு ஒன்றும் நடந்தது. தலைப்பு, வேலைத்தலத்தில் நியாயம். கொழும்பிலிருந்து வந்தவர் சுவரில் பெரிய தாள் ஒட்டி, ஒவ்வொருவரும் தன் உத்தியோக வாழ்க்கையை ஒரு மரமாக வரையவேண்டும் என்றார். மற்ற அலுவலகங்களிலிருந்து வந்த தமிழ் ஊழியர்களுக்குக் கச்சிமுகம்மது இரண்டு நாளும் தொண்டை வற்ற அதைத் தமிழில் சொன்னார். கடைசியில் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள், அவருக்கு இல்லை. மொழிபெயர்க்கிறவர் பங்குபற்றுநர் அல்லவாம். செலவுப் பட்டியலில் அவர் தேநீருக்குக் கீழே இருந்தார்.

புள்ளி எப்படிக் குறைந்தது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மீளாய்வுக்கு விண்ணப்பித்தார். விடைத்தாளின் பிரதி வந்தது, சிவப்பு மையில் குளித்திருந்தது. அவர் நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போன தாள் அது. பிறகு என்பதற்கு எழுதிய மறுகா என்ற சொல்லுக்குக் கீழே 'இப்படி ஒரு சொல் இல்லை' என்று எழுதியிருந்தது. திரும்பி என்பதற்கு எழுதிய கிறுகியும் இல்லையாம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் சனம் நாள்தோறும் இல்லாத சொற்களில் கதைத்துக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.

உச்சம் ஐந்தாம் கேள்வி. 'என் அய்யா என்னை அடித்தார்' என்று ஒரு சிங்கள வசனம். சிங்களத்தில் அய்யா என்றால் மூத்த சகோதரன். கச்சிமுகம்மது பிறந்த நாளிலிருந்து மூத்த சகோதரனை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே எழுதினார்: என்ட காக்கா எனக்கு அடிச்சார். திருத்தியவர் காக்காவை வட்டமிட்டு ஓரத்தில் இப்படி எழுதியிருந்தார்: காக்கா என்பது பறவை. பறவைக்கு மரியாதை விகுதி பொருந்தாது.

அதே பரீட்சையில் ஹேரத் எண்பத்திரண்டு எடுத்தான். மொனராகலைப் பொடியன், வயது இருபத்தொன்பது, இந்தப் பக்கம் வந்து ஒரு வருடம். அவனுக்குப் பின்னேரங்களில் புத்தகத்தை வைத்து அண்ணன், தம்பி, தாங்கள், தங்களுக்கு என்று சொல்லிக்கொடுத்ததே கச்சிமுகம்மதுதான். புத்தகத்தில் இல்லாத எதையும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, பரீட்சைக்கு அது தேவையில்லை என்று நினைத்தார். ஹேரத் பெறுபேற்றோடு வந்து நின்று, "அய்யே, இது பிழை, நான் வேண்டுமென்றால் எழுதித் தருகிறேன்" என்று சிங்களத்தில் சொல்லிக் கண் கலங்கினான். நல்ல பிள்ளை. இவரும் அவனைச் சிங்களத்தில் மல்லி, தம்பி, என்றுதான் கூப்பிடுவார். அவனில் கோபப்படக்கூட ஏலாமல் போனதுதான் கச்சிமுகம்மதுக்குக் கூடுதலான எரிச்சல்.

வீட்டில் மனைவி அஸீஸா கடிதத்தைக் கேட்டுவிட்டு மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சாருங்க, ஒங்களுக்குத் தமிழ் தெரியாதெண்டு கவுமெண்டே சொல்லிட்டு. மறுகா என்னத்துக்குக் கதைக்கிறயள்? பேசாம இரிங்க."

"பகிடியா புள்ள?"

"நான் பகிடி விடல்ல. தெரியாத வேலய ஒருத்தரும் செய்யச் சொல்ல ஏலாதுதானே."

அந்த ராத்திரி அவருக்கு நல்ல நித்திரை வந்தது.

மறுநாள் பாண்டிருப்பிலிருந்து ஒரு மீன்காரர் வலை களவுபோன முறைப்பாட்டோடு வந்தார். "கூப்பிடு கச்சியை" என்றது குரல். கச்சிமுகம்மது வந்து, கடிதத்தின் பிரதியை மேசையில் விரித்து, சிங்களத்தில் பணிவாகச் சொன்னார்: எனக்குத் தமிழ் தெரியாது, சேர்.

பொறுப்பதிகாரி அபேரத்ன சுற்றறிக்கைக்குப் பயந்த மனுஷன். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். தமிழ் தெரியாது என்று தலைமையகமே எழுதிய ஒருவர் மொழிபெயர்த்த வாக்குமூலத்தை நாளைக்கு நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி தூக்கிப் பிடித்தால் யார் பதில் சொல்வது? சித்தியடைந்த ஹேரத் இருக்கிறான். அவனைத் தமிழ் முறைப்பாட்டு மேசையில் போட்டார். சனம் சொல்வதைத் தமிழில் கேட்டு, பொறுப்பதிகாரி வாசிப்பதற்குச் சிங்களத்தில் எழுதுவது அவன் வேலை. கச்சிமுகம்மதுவை வீதிக்கு அனுப்பினார். அனுப்பும்போது ஒன்று சொன்னார்.

"நாடகம் நல்லது, கச்சி. ஆனால் அந்த மேசையில் உன் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல் விழுந்தால், இவன் இவ்வளவு நாளும் நடித்தான் என்று நானே எழுதுவேன். பிறகு முக்காலிதான், ஓய்வூதியம் வரைக்கும்."

வீதியில் என்ன நடந்தது என்றால், அந்தக் கரையோரம் முழுக்க நடுங்கியது. இருபத்திரண்டு வருடம் எல்லாருடைய வண்டவாளத்தையும் காது குளிரக் கேட்ட மனுஷனை வெளியே விட்டால் வேறு என்ன நடக்கும்? ஒன்பது வருடமாகப் பிடியாணைக்கு ஒளித்துத் திரிந்தவன் எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் பிளேன்டீ குடிப்பான் என்று அவருக்குத் தெரியும். அட்டாளைச்சேனை வயல் வட்டைக்குள் கசிப்பு எந்த வாய்க்கால் கட்டில் கொதிக்கிறது என்றும் தெரியும். முதல் மாதம் பதினான்கு கைது, இரண்டாம் மாதம் இருபத்தாறு. ஹெல்மெட் இல்லாமல் வந்த மச்சினனுக்கும் தண்டம் எழுதினார். அவன் தமிழில் கெஞ்ச, இவர் சிங்களத்தில் பதில் சொன்னார். அதன் பிறகு அஸீஸாவின் குடும்பத்தில் யாரும் அவர்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அவளுக்கும் வேலை குறைந்தது.

ஐந்து மாதத்தில் அவருடைய படிவத்தில் கோடு போட்ட கட்டம் ஒன்றுகூட மிச்சமில்லை. கண்ணாடியில் பார்க்கும்போது தோளுக்குக் கீழே மூன்று பட்டி இருக்கிற மாதிரியே அவருக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளை பெருநாள் உடுப்பைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். அதில் அவருக்கு வெட்கமில்லை. எவ்வளவு காலம்தான் ஒரு மனுஷன் மற்றவர்களின் வாயாக இருப்பான்?

மே மாதம் யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், நிலையத்தில் பாற்சோறு ஆக்கினார்கள். பாண்டிருப்புப் பக்கம் கதவுகள் சாத்தியே கிடந்தன. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை முற்பகல், கச்சிமுகம்மது தன்னுடைய தண்டப் பத்திரங்களை அடுக்கிக்கொண்டு முறைப்பாட்டு மேசைக்கு அடுத்த மேசையில் இருந்தார். நேர்முகத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். அப்போதுதான் நாச்சியா வந்தாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். அட்டாளைச்சேனையில் பிறந்து இங்கே கலியாணம் முடித்தவள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு, சுனாமி வீடமைப்புத் திட்டத்தில் அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வீடு கிடைத்து, அதில் குடிவந்து மூன்று மாதம். பொலிஸுக்கு அதுதான் முதல் தடவை. உள்ளே வந்ததும், தொப்பி போட்ட எல்லாருக்குமாக ஒரு ஸலாம் சொன்னாள். கச்சிமுகம்மது பதிலை உதடு அசையாமல் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"தாங்கள் அமருங்கள்" என்றான் ஹேரத், புத்தகத்தில் இருந்தபடி. "தங்களுக்கு என்ன முறைப்பாடு உள்ளது?"

அவள் அப்படி ஒரு தமிழைப் பேப்பரில்தான் கண்டிருப்பாள். கதிரை நுனியில் இருந்தாள்.

"ஊட்டுப் பத்திரம், ராளாமி. அலுமாரிக்க வெச்சிருந்த. காக்கா தூக்கிட்டுப் போயிட்டாரு."

"காக்கா?"

"ஓம். காக்காதான்."

"எத்தனை?"

"ஒண்டுதான். எனக்கு ஒரு காக்காதான்."

ஹேரத் எழுதினான். அவனுடைய எழுத்து அழகான எழுத்து.

"அதைத் தாங்கள் வளர்த்தீர்களா?"

"நானா? அவர்தான் என்ன வளத்த. வாப்பா மௌத்தான நாளையிலரிந்து அவர்தான் பாத்த. அதாலதான் ராளாமி நெஞ்சு வெடிக்கிற. அவருக்கும் மூணு பொட்டப் புள்ள, மூத்தவளுக்கு ஊடு இல்லெண்டு கலியாணம் நிண்டுபோய்க் கிடக்கு. ஆனா என்ட புள்ளயளுக்கும் அந்த ஊடுதானே. பேர மாத்தப் போறாராம். எதிர்ப்பு இரிந்தா காணிக் கந்தோர்ல இந்த மாசத்துக்குள்ள சொல்லணுமாம், பொலிசில என்ட்ரி இரிக்கணுமாம்."

வேகமாகச் சொன்னாள். இதில் நாலில் ஒரு பங்குதான் ஹேரத்தின் காதில் தங்கியது. அவன் பேனையை நிறுத்தி நெற்றியைச் சொறிந்தான். முட்டாள் இல்லை அவன், ஏதோ இடிக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அடுத்த மேசைக்குத் திரும்பிச் சிங்களத்தில் கேட்டான்.

"அய்யே, காக்கா என்றால் காகம்தானே?"

பதில் ஒரு சொல். அந்தச் சொல்லும் அவன் வாயிலேயே இருந்தது. அய்யே என்று இப்போது கூப்பிட்டாயே, அதுதான்டா என்று சொன்னால் முடிந்தது. கச்சிமுகம்மது நிமிர்ந்தார். பொறுப்பதிகாரி வாசலில் நின்று பாற்சோற்றுத் தட்டோடு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாள். முக்காலி அதே மூலையில்தான் கிடந்தது, அதற்கு மேலே யாரோ வாளி வைத்திருந்தார்கள்.

"எனக்குத் தமிழ் தெரியாது, மல்லி" என்றார்.

ஹேரத் முகம் சிவந்து திரும்பினான். நாச்சியாவிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டான்.

"தாங்கள் எவரையாவது சந்தேகிக்கிறீர்களா?"

"சந்தேகம் ஒண்டுமில்ல, ராளாமி. காக்காதான்."

சந்தேகம் ஒன்றுமில்லை என்று அவன் எழுதினான். அவள் எழுத்துக்கூட்டி ஒப்பம் வைத்தாள். போகும்போது மற்ற மேசைக்கும் தலையாட்டிவிட்டுப் போனாள். பின்னேரம் போய் ஹேரத்திடம் சொல்லிவிடலாம் என்று கச்சிமுகம்மது நினைத்தார். பின்னேரம் கசிப்பு ரோந்து இருந்தது. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தார். அப்படியே பத்தொன்பது நாளும் போயின. அவர் மறந்துபோனார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். மறக்கவில்லை.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் படிவத்தைப் புரட்டிவிட்டு வாயைப் பிளந்தார். இருபத்திரண்டு வருடம் ஒன்றுமில்லை, கடைசி ஆறு மாதம் மாகாணத்திலேயே இரண்டாம் இடம். இந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டார்.

"ஊழியர் விருத்தி, சேர்" என்றார் கச்சிமுகம்மது.

மூன்று பேருக்கும் முகம் மலர்ந்தது. ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். தமிழ் போதாது என்பதில் மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் கவலை. ஊர் ஆட்களோடு பழகிப் பாருங்கள், மெல்ல மெல்ல வரும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள்.

ஜூலை நடுப்பகுதியில் பட்டி வந்தது. அஸீஸா இரண்டு கைக்கும் தைத்துக் கொடுத்துவிட்டு, அதைத் தடவிப் பார்த்தாள். சார்ஜன்ட் கச்சிமுகம்மதுவை முறைப்பாட்டுப் பகுதிக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். முக்காலி இல்லை, கைபிடி வைத்த கதிரை. முதல் நாள் அதில் இருந்து முதல் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை, நாச்சியா உள்ளே வந்தாள்.

அவள் கையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று காணி அலுவலகத்தின் கடிதம். குறித்த தவணைக்குள் எவர் மீதும் முறைப்பாடு இல்லாதபடியால் வீடு அவளுடைய சகோதரன் சாலிஹின் பெயருக்கு மாற்றப்பட்டுள்ளது, முப்பது நாளில் வெளியேற வேண்டும். மற்றது நிலையத்திலிருந்து அங்கே போன என்ட்ரிப் பிரதி. அவள் அவருக்கு முன்னால் வந்து நின்று, வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்த சிங்களத்தைச் சொன்னாள்.

"மாத்தயா, மே மகே கெதர."

ஐயா, இது என் வீடு. அதற்கு மேல் அவளுக்குச் சிங்களம் இல்லை. அதையே திரும்பவும் சொன்னாள்.

"தமிழிலயே சொல்லுங்க, தங்கச்சி" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தமிழ் வருமா?"

"வரும்."

"அண்டைக்கி நீங்க அந்த மேசையில இரிந்த. ஸலாத்துக்கும் பதில் இல்ல, ஒண்டும் கதைக்கல்ல. நான் சிங்கள ஆளாக்கும் எண்டு நினைச்ச." என்ட்ரிப் பிரதியை அவருக்கு முன்னால் வைத்தாள். "கடையில இந்த என்ட்ரிய வாசிச்சிக் காட்டினானுகள். காகம் தூக்கிட்டுப் போனதாம். எல்லாரும் உழுந்து உழுந்து சிரிச்சானுகள். நானும் சிரிச்ச, என்ன செய்ற. அண்டைக்கி நான் சொன்னது ஒங்களுக்கு விளங்கினயா?"

இருபத்திரண்டு வருடத்தில் அந்த மேசையில் எத்தனையோ கேள்விகளை அவர் மொழிபெயர்த்திருக்கிறார். இதை யாருக்கும் மொழிபெயர்த்துத் தள்ளிவிட முடியவில்லை.

"விளங்கின" என்றார். "எல்லாம் விளங்கின."

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது. 

பழைய என்ட்ரியை அழிக்க ஏலாது. புதிதாக ஒன்று போட்டாலும் தவணை முடிந்துவிட்டது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. மே மாதம் இருபத்திரண்டாம் திகதியே அவள் சகோதரன் மீது முறைப்பாடு சொன்னாள் என்று, அதைக் கேட்டு விளங்கிய ஒருவர் சாட்சி சொல்லவேண்டும். ஹேரத்துக்கு விளங்கியது காகம்தான். நிலையத்தில் மற்ற எவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கச்சிமுகம்மது பதிவுப் புத்தகத்தை எடுத்தார். பொறுப்பதிகாரி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, விஷயத்தைக் கேட்டு, கிட்ட வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எழுத்துப் பிழை என்று போடு. ஹேரத் ஒரு கண்டிப்போடு தப்புவான், நீயும் தப்புவாய்."

"அது காணி அலுவலகத்துக்குப் போதாது சேர். அவள் சரியாகச் சொன்னாள் என்று எழுதினால்தான் முறைப்பாடு தவணைக்குள் வந்ததாக நிற்கும்."

"நீ கேட்டுக்கொண்டு இருந்தாய் என்று எழுதினால் என்ன நடக்கும் தெரியுமா? மேலதிகாரிக்குப் பொய் சொன்னது, கடமை தவறினது. அந்தப் பட்டி ஒரு மாதம் நிற்காது."

"தெரியும் சேர்."

"பைத்தியம்" என்றார் அபேரத்ன. ஆனால் புத்தகத்தைப் பறிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஹேரத் எழும்பி வந்து பக்கத்தில் நின்றான். கச்சிமுகம்மது முதலில் தமிழில் எழுதினார், கீழே அதையே சிங்களத்தில் எழுதினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்குமூலம் அதுதான். முடித்துவிட்டு, விதிப்படி, முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்டினார். மே மாதம் இருபத்திரண்டாம் திகதி முற்பகல் பத்தே முக்கால் மணியளவில் முறைப்பாட்டாளர் தனது மூத்த சகோதரன் சாலிஹ் என்பவர் வீட்டுப் பத்திரத்தை எடுத்துச் சென்றதாகத் தெளிவாகக் கூறினார். அடுத்த மேசையில் இருந்த எனக்கு அது முழுவதும் விளங்கியது. எழுதுகின்ற உத்தியோகத்தர் என்னிடம் பொருள் கேட்டார். தெரிந்துகொண்டே தெரியாது என்றேன்.

நாச்சியா கவனமாகக் கேட்டாள்.

"இதால ஊடு கிடைக்குமா?"

"கிடைக்கும் எண்டு சொல்ல ஏலா. வழக்குப் பேசணும். ஒரு வருஷம் போகும், ரெண்டும் போகும். அதுவரைக்கும் ஒங்கள எழுப்ப ஏலாது."

அவள் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு பேனையை வாங்கி, தன் இடத்தில் எழுத்துக்கூட்டி ஒப்பம் வைத்து, புத்தகத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களும் வைங்க."

அவர் ஒப்பம் வைத்தார். பெயரை எழுதினார், இலக்கத்தை எழுதினார். பதவி என்ற இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது. சார்ஜன்ட் என்று எழுதினார். அன்றைய திகதிக்கு அது சரிதான்.